நிகழ்வு ஆய்வு: ஆம்பூர்த் தோலும் வளைகுடாப் பணமும் வேலூர் நோயாளியும் அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கில் ஏறிய வரலாறு

ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் வெளியிடும் அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கில் வேலூர் என்ற பெயரையோ ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்ற பெயர்களையோ காண முடியாது. நம் நாட்டுக்கும் பிற நாடுகளுக்கும் இடையே வந்துபோன சரக்கு, சேவை, பணம் ஆகியவற்றை எழுதும் அது (balance of payments) நாடு முழுமைக்குமான கணக்கு. மாவட்ட வாரியாக அதைப் பிரிப்பதற்கு வழியும் இல்லை, அப்படிப் பிரிப்பது அதன் நோக்கமும் இல்லை. ஆகவே பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் பங்கு எவ்வளவு என்று இந்த ஆய்வு அளக்க முற்படவில்லை. இந்த வட்டாரத்திலிருந்து புறப்படும் சரக்கும், இங்கு வந்து சேரும் பணமும், சிகிச்சைக்காக இங்கு வரும் அயல்நாட்டாரும் அந்தத் தேசியக் கணக்கில் எந்தெந்த வரியில், எந்தெந்தக் காலத்தில், யார் எழுதிய தாளின் வழியே இடம்பெற்றார்கள் என்பதையே பின்தொடர்கிறது. இன்று ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், ராணிப்பேட்டை தனி மாவட்டமாகவும் இருக்கின்றன. 2019-ஆம் ஆண்டின் அந்தப் பிரிவினை நம் பொருளுக்குத் தடையில்லை என்பதால், மூன்று மாவட்டங்களையும் ஒரே வட்டாரமாகவே கொள்கிறேன்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். இந்தக் கணக்கு, கணக்கெடுக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறக்கவில்லை. அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்தக் கேட்ட தாள்களிலிருந்து பிறந்தது. கட்டுப்பாடு தளர்ந்தபோது அந்தத் தாள்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. கணக்கு மட்டும் முன்பைவிட அதிக நுணுக்கத்தோடு தொடர வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை இன்று ஓரளவு நிரப்புவது, ஒரு வங்கிக் கிளையின் முகப்பில் இருப்பவர் எழுதும் நான்கு இலக்கக் குறியீடு.

கட்டுப்பாடு தந்த கணக்கு

1935 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கிக்கு அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு 1939 செப்டம்பரில், உலகப் போர் தொடங்கியவுடன், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வந்தது. போரில் பிரிட்டனுக்கு டாலர் தேவைப்பட்டது. எனவே பிரிட்டிஷ் பவுண்டைச் சார்ந்த நாடுகளின் கூட்டமான ஸ்டெர்லிங் பகுதிக்கு வெளியே போகும், வெளியிலிருந்து வரும் பணமே முதன்மையாகக் கண்காணிக்கப்பட்டது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு, ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த நம் வட்டாரத்துச் சரக்கு ஸ்டெர்லிங் பகுதிக்குள்ளேயே புழங்கியதால், அந்தக் கண்காணிப்பில் அது அழுத்தமாகப் பதிவாகவில்லை. சுங்கத் துறை அதை எண்ணியது. ஆனால் அதற்கான பணம் எந்த வழியாக வந்தது என்று வங்கியிடம் அதே கண்டிப்போடு எவரும் கேட்கவில்லை.

1947 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. இந்தியா 1945 டிசம்பரிலேயே பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) தொடக்க உறுப்பினராகியிருந்தது. உறுப்பு நாடுகள் தம் செலுத்துநிலை விவரங்களைத் தர வேண்டும் என்பது நிதியத்தின் ஒப்பந்த விதிகளிலேயே உள்ள கடமை. எல்லா நாடுகளும் ஒரே முறையில் தொகுக்க வேண்டும் என்பதற்காக நிதியம் தன் முதல் கையேட்டை 1948-இல் வெளியிட்டது. அதே ஆண்டு ஜூன் 30-ஆம் தேதியை அடிப்படையாகக் கொண்டு, இந்தியாவில் அயல்நாட்டாருக்கு உள்ள சொத்துகளையும் அயல்நாட்டில் இந்தியருக்கு உள்ள சொத்துகளையும் ரிசர்வ் வங்கி முதன்முறையாகக் கணக்கெடுத்து 1950-இல் வெளியிட்டது. ஓராண்டில் வந்ததையும் போனதையும் சொல்வது ஒரு கணக்கு. ஒரு குறிப்பிட்ட நாளில் கையில் இருப்பதையும் கொடுக்க வேண்டியதையும் சொல்வது இன்னொரு கணக்கு. சுதந்திரம் அடைந்த மறு ஆண்டிலேயே இரண்டையும் கையில் எடுத்த அந்தத் தொடக்கத் தலைமுறை அலுவலர்களின் உழைப்பு போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து.

அடுத்த பல பத்தாண்டுகளுக்குக் கணக்கின் மூலப்பொருள் படிவங்களே. ஏற்றுமதியாளர் ஜி.ஆர். படிவத்தைச் சுங்கத்தில் காட்டி, பிறகு தன் வங்கியில் கொடுப்பார். வங்கி பணம் வந்துசேர்ந்ததை உறுதிசெய்து ரிசர்வ் வங்கிக்கு அனுப்பும். அஞ்சல் பொட்டலத்துக்குப் பி.பி. படிவம், இறக்குமதிப் பணத்துக்கு ஏ-1, மற்றப் பணம் அனுப்ப ஏ-2. இவற்றையெல்லாம் கட்டி, ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்குமாக இரண்டு முறை, அங்கீகரிக்கப்பட்ட வங்கிகள் ‘ஆர் ரிட்டர்ன்’ என்னும் அறிக்கையோடு சமர்ப்பித்தன. டாலர் வெளியே தங்கிவிட்டதா என்று பார்ப்பதற்குக் கேட்ட தாளே, நாட்டின் ஏற்றுமதி வரவு எவ்வளவு என்பதற்கும் ஆதாரமானது. 1948-49 முதல் 1961-62 வரையான ஆண்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 1963-இல் வெளியிட்ட தொகுப்பு இந்தக் காகிதக் கட்டுகளின் மீதுதான் எழுந்தது.

டாலர் வராத ஏற்றுமதி

சோவியத் வணிகம் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள நம் வட்டாரம் தரும் மிகச் சிறந்த பாடம் என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

1973-இல் பச்சைத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டு, அரைப்பதமான தோலுக்கும் அளவுக் கட்டுப்பாடு வந்தபின், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகள் முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் ஷூ மேல்பாகங்களுக்கும் நகர்ந்தன. அந்தப் பொருள்களுக்குச் சோவியத் ஒன்றியம் பெரிய வாங்குபவராக இருந்தது. ஆனால் அந்த வணிகம் ரூபாயில் நடந்தது. சோவியத் தரப்பு இந்திய வங்கிகளில் வைத்திருந்த ரூபாய்க் கணக்கிலிருந்து ஏற்றுமதியாளருக்குப் பணம் கிடைத்தது. கப்பலில் சரக்கு போயிற்று. ஆலை முதலாளிக்கு ரூபாய் வந்தது. நாட்டின் கையிருப்பில் ஒரு டாலர்கூடக் கூடவில்லை.

அப்படியானால் அது ஏற்றுமதியா? செலுத்துநிலைக் கணக்கில் அது ஐயத்துக்கிடமின்றி ஏற்றுமதிதான். இந்தக் கணக்கு எண்ணுவது அந்நிய நோட்டுகளின் வரத்தை அன்று. இந்நாட்டில் வசிப்பவருக்கும் பிற நாட்டில் வசிப்பவருக்கும் இடையே நடந்த ஒவ்வொரு பரிமாற்றத்தையும் அது இரண்டு பக்கமும் எழுதுகிறது. ஒரு பக்கம் ஷூ மேல்பாக ஏற்றுமதி வரவாக நிற்கும். மறுபக்கம் ரூபாய் இருப்புக் குறைவாகவோ, எந்திரத்துக்கும் ராணுவத் தளவாடத்துக்கும் பட்ட கடனை அடைத்ததாகவோ நிற்கும். இந்தியாவின் கணக்கில், கடன், முதலீடு, வைப்பு ஆகியவற்றைக் காட்டும் மூலதனப் பகுதியில் ‘ரூபாய்க் கடன் செலுத்தம்’ என்று தனி வரி ஒன்று இருப்பதற்கு இந்த வணிகமே காரணம். பிற நாடுகளின் கணக்குகளில் எளிதில் காண முடியாத வரி அது.

1990-91-இல் நாட்டின் மொத்த ஏற்றுமதியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் வாங்கின. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அந்தப் பங்கு சில ஆண்டுகளில் மிகச் சிறியதாகிவிட்டது. நம் ஆலைகளில் ஆர்டர் நின்றது என்று பேசப்பட்ட அதே நிகழ்ச்சி, மும்பையில் உட்கார்ந்து கணக்குத் தொகுத்தவர்களுக்கு ஏற்றுமதி வரி ஒன்றில் சரிவாகவும், கடன் செலுத்த வரி ஒன்றில் தாமதமாகவும் தெரிந்தது. ஒரே நிகழ்ச்சியை இரண்டு வரிகளில் படிக்கத் தெரியாதவர், ஏற்றுமதி குறைந்தும் கையிருப்பு ஏன் அதே அளவு குறையவில்லை என்று திகைத்திருப்பார்.

பணம் பெருகியதா, கணக்கு விரிந்ததா

1990-91-இல் சரக்கு, சேவை, பணமாற்றம் முதலியவற்றைக் காட்டும் நடப்புக் கணக்கின் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தொட்டது. 1991-இல் தங்கத்தை வெளிநாடு அனுப்பிக் கடன் பெற வேண்டிய நிலை ஏற்பட்டது. அதன்பின் பொருளியலாளர் சி. ரங்கராஜன் தலைமையிலான உயர்நிலைக் குழு 1993-இல் செலுத்துநிலை பற்றிய அறிக்கையைத் தந்தது. 1992 மார்ச்சில் இரட்டை மாற்று விகிதமும், ஓராண்டில் ஒரே சந்தை விகிதமும் வந்தன.

இக்காலத்தில் தனியார் பணமாற்ற வரவு, அதாவது வெளிநாட்டில் வேலை செய்வோர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தை முதன்மையாகக் கொண்ட வரி, 1990-91-இல் சுமார் 2 பில்லியன் டாலராக இருந்து 1996-97-இல் 12 பில்லியனைத் தாண்டியது. பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. அதனால் இந்த எண்ணைப் பார்க்கும்போது, உண்டியல் (ஹவாலா) என்னும் வங்கிசாரா வழியாக வந்த பணம் நல்ல மாற்று விகிதம் கிடைத்ததும் வங்கிக்கு வந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். அது உண்மையின் பெரும்பகுதியாகவே இருக்கலாம். ஆனால் முழு உண்மை அன்று.

1992-இல் அயல்நாட்டில் தங்கியிருந்து திரும்பும் இந்தியர் ஐந்து கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம் என்று அரசு அனுமதித்தது. 1992-93 முதல் அந்தத் தங்கத்தை ரிசர்வ் வங்கி இறக்குமதியாக எழுதி, அதே மதிப்பைத் தனியார் பணமாற்ற வரவாகவும் எழுதத் தொடங்கியது. ஜெத்தாவிலிருந்து வந்த மகன் பெட்டியில் கொண்டுவந்த தங்கத்துக்கு இங்கிருந்து யாரும் டாலர் கொடுக்கவில்லை. எனவே அது மகன் தன் குடும்பத்துக்குச் செய்த உதவி என்று கொள்வதுதான் சரி. நடப்புக் கணக்கின் நிகர எண் மாறாது. ஆனால் இறக்குமதியும் பணமாற்றமும் இரண்டுமே ஏறும்.

அடுத்தது, வெளிநாடுவாழ் இந்தியரின் வைப்புக் கணக்கு. மகன் அனுப்பிய பணம் ஆம்பூர்க் கிளையில் வைப்பாக இருக்கும்வரை அது நாடு அவருக்குப் பட்ட கடன். மூலதனக் கணக்கில் நிற்கும். தங்கை திருமணத்துக்காகத் தந்தை அதை ரூபாயாக எடுத்தால், அந்தக் கடன் தீர்ந்து, அதே தொகை தனியார் பணமாற்றமாக நடப்புக் கணக்குக்கு மாறும். அன்று வெளிநாட்டிலிருந்து ஒரு காசும் வரவில்லை. கணக்கு மட்டும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது. இந்த உள்நாட்டு எடுப்புகளையும் தொண்ணூறுகளில் பணமாற்ற வரியில் சேர்த்ததால், அக்காலத்து வளர்ச்சியின் ஒரு பகுதி கணக்கிடும் முறையின் வளர்ச்சியே. நீண்ட கால வரிசையை எடுத்து ஆய்வு செய்யும் மாணவர்கள் அட்டவணையின் அடிக்குறிப்புகளைப் படிக்காமல் வரைபடம் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இந்தத் துறையில் பாதி வரலாறு அடிக்குறிப்புகளில்தான் இருக்கிறது.

சட்டம் மாறியபின் கிளை முகப்பில்

1947-இன் சட்டத்துக்குப் பதிலாக வந்திருந்த 1973-இன் கடுமையான அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் நீங்கி, 2000 ஜூன் 1 முதல் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முன்னது செலாவணியைப் பாதுகாக்க வந்தது. பின்னது வெளி வணிகத்தையும் செலுத்தத்தையும் எளிதாக்க வந்தது. குற்றம் என்றிருந்தது உரிமையியல் மீறலானது. படிவங்கள் குறைந்தன. ஜி.ஆர். தாளின் இடத்தைச் ஏற்றுமதியாளர் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லின் விவரம், சுங்கக் கணினியிலிருந்து நேரே வந்து பிடித்தது. 2014 மார்ச் முதல் ஏற்றுமதித் தரவுகளைச் சுங்கம், ரிசர்வ் வங்கி, வணிக வங்கிகள் மூன்றும் பகிரும் மின்னணு முறை நடக்கிறது. ஆர் ரிட்டர்ன் மட்டும் காகிதத்தைவிட்டுக் கணினிக்கு மாறித் தொடர்ந்தது. அதில் ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும், பணம் எதற்காக என்பதைச் சொல்லும் நான்கு இலக்க நோக்கக் குறியீடு வேண்டும்.

கிளை முகப்பில் இது எப்படி நடக்கிறது என்பதை அருகில் நின்று பார்ப்பது பயன்தரும். ஜெர்மனியிலிருந்து ஒரு ஷூ ஆலையின் கணக்குக்கு யூரோ வந்திருக்கிறது. வங்கி அலுவலர் ஆலைக் கணக்கரைத் தொலைபேசியில் அழைக்கிறார்.

“சார், இந்தப் பணம் அட்வான்ஸா, பழைய பில்லுக்கா?”

“பாதி பழைய பில்லுக்கு மேடம். மீதி அடுத்த சீசன் ஆர்டருக்கு.”

“அப்படின்னா பிரிச்சு லெட்டர் குடுங்க சார். பில் நம்பர் போட்டுடுங்க.”

கணக்கர் கடிதத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பும் அந்தப் பிரிவுதான் செலுத்துநிலையில் பொருள் தருகிறது. அனுப்பிய சரக்குக்கான பணம் என்றால், சரக்கு கப்பலேறிய காலாண்டிலேயே ஏற்றுமதி எழுதப்பட்டிருக்கும். இப்போது வந்த யூரோ அயல்நாட்டு வாங்குபவர் நமக்குப் பட்ட வணிகக் கடனைத் தீர்க்கிறது. அட்வான்ஸ் என்றால் பி0103 என்ற குறியீடு. இன்னும் அனுப்பாத தோலுக்காக நாம் வெளிநாட்டாருக்குப் பட்ட கடன் அது. முழுத்தொகையையும் அட்வான்ஸ் என்றே எழுதிவிட்டால் மொத்த வரவு மாறாது. ஆனால் வணிகக் கடன் வரி தவறாகும், ஷிப்பிங் பில் ஒன்று பணம் வராததாகவே கணினியில் தொங்கிக்கொண்டிருக்கும். பல நேரம் கிளையில் ஆள் குறைவு. மாதக் கடைசி நெருக்கடி. முந்தைய வரவுக்குப் போட்ட குறியீட்டையே இதற்கும் போட்டுவிடுவது எளிது. ஒருவரைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. நாட்டின் கணக்கை எழுதும் பணியில் தாமும் ஒருவர் என்று அந்த அலுவலருக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சரக்கு ஏற்றுமதியின் அளவைப் பொறுத்தவரை வங்கியின் சொல் இறுதியானது அன்று. கொல்கத்தாவில் உள்ள வணிகத் தகவல், புள்ளிவிவரத் தலைமை இயக்ககம் சுங்கப் பதிவுகளிலிருந்து தொகுக்கும் எண்ணையே ரிசர்வ் வங்கி ஏற்றுமதிக்குக் கொள்கிறது. அது சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறும்வரையான மதிப்பு. அதற்கு மேலான கப்பல் கூலியும் காப்பீடும் சேவைக் கணக்குக்குப் போகும். இறக்குமதியில் நீண்ட காலம் வங்கிகள் செலுத்திய பணமே அடிப்படையாக இருந்ததால், சுங்க எண்ணுக்கும் செலுத்துநிலை எண்ணுக்கும் பெரிய வேறுபாடு தோன்றியது. சுங்கத்தில் பதிவாகாத இறக்குமதிகளும், சரக்கு வரும் காலத்துக்கும் பணம் போகும் காலத்துக்கும் உள்ள இடைவெளியும் அதற்குக் காரணங்கள்.

தோல் யாருடையது

நிதியத்தின் கையேடு 1993-இல் ஐந்தாம் பதிப்பாகவும் 2009-இல் ஆறாம் பதிப்பாகவும் வந்தது. ஆறாம் பதிப்பு நம் வட்டாரத்தை நேரடியாகத் தொட்ட இடம் ஜாப் ஒர்க். அயல்நாட்டு நிறுவனம் தன் தோலையும் உள்துணியையும் தன் உரிமையிலேயே வைத்துக்கொண்டு ஆம்பூருக்கு அனுப்பி, மேல்பாகம் தைத்து வாங்குகிறது என்று கொள்வோம். விளக்கத்துக்காக, வந்த பொருளின் மதிப்பு 40, போன பொருளின் மதிப்பு 100 என்க. பழைய முறையில் 40 இறக்குமதி, 100 ஏற்றுமதி. புதிய முறையில் உரிமை கைமாறாததால் இரண்டும் சரக்குக் கணக்கில் வராது. 60 மட்டும், பிறர் பொருளின் மீது செய்த உற்பத்திச் சேவைக்கான வரவாக எழுதப்படும்.

நிகர எண் ஒன்றுதான். ஆனால் நாட்டின் சரக்கு ஏற்றுமதி குறைந்ததுபோலவும் சேவை ஏற்றுமதி கூடியதுபோலவும் தெரியும். இதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. தையல் எந்திரத்தின் முன் நாள் முழுதும் உட்கார்ந்து உழைக்கும் பெண்களின் உழைப்பைத்தான் அந்த 60 காட்டுகிறது. யாரோ ஒருவருடைய தோல் வந்து திரும்பிப் போனதை நம் ஏற்றுமதிப் பெருமையில் சேர்த்துக்கொள்வது பொருந்தாது. நடைமுறையில் சிக்கல் என்னவென்றால், சுங்கத் தாள் எல்லையைத் தாண்டும் பொருளைப் பார்க்கிறது. உரிமை யாருடையது என்பதை அது அதே தெளிவோடு சொல்வதில்லை. வங்கியோ வந்த 60-ஐ மட்டும் பார்க்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்க்கும் வேலை தொகுப்பவர் தலையில் விழுகிறது.

காந்தி ரோட்டில் தங்கியிருப்பவர்

1900-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருத்துவமனை இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக (சி.எம்.சி.) வளர்ந்திருப்பதையும், அங்கு வங்கதேசத்திலிருந்து ஏராளமானோர் வருவதையும் வேலூரில் விளக்க வேண்டியதில்லை. காந்தி ரோட்டு லாட்ஜுகளின் வங்காள எழுத்துப் பலகைகளே சொல்லும். அப்படி வரும் நோயாளி இங்கு கொடுக்கும் மருத்துவக் கட்டணம், அறை வாடகை, மருந்து, சாப்பாடு அனைத்தும் கணக்கில் ‘பயணம்’ என்ற சேவை வரியில் ஏற்றுமதி. சிகிச்சை ஓராண்டைத் தாண்டினாலும் அவர் வங்கதேசத்தில் வசிப்பவராகவே கொள்ளப்படுவார், வேலூரின் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நான்காண்டு படிக்கும் அயல்நாட்டு மாணவருக்கும் இதே விதி. இதற்கு நேர்மாறாக, இங்கிருந்து ஓராண்டு அல்லது அதற்கு மேல் வேலைக்காக வெளிநாடு போனவர் அந்நாட்டில் வசிப்பவராகிவிடுவார்; அவர் அனுப்பும் பணம் பணமாற்றம். ஆறு மாத ஒப்பந்தத்தில் வேறொரு நாட்டு ஷூ ஆலைக்குப் பயிற்சி தரப் போன தொழில்நுட்பரின் சம்பளமோ பணமாற்றம் ஆகாது. ஊழியர் ஊதியம் என்ற வேறு வரிக்குப் போகும்.

பயண வரிதான் இந்தக் கணக்கில் மிகவும் மதிப்பீட்டை நம்பியிருக்கும் இடம். மருத்துவமனைக்குக் கணக்கு வழியாக வந்த பணம் குறியீட்டோடு பதிவாகும். மற்றவை பணமாற்றுக் கடைகளில் சிறு சிறு தொகையாக மாறும். எல்லைக்கு அப்பாலேயே ரூபாய் நோட்டாக மாற்றிக்கொண்டு வந்தால் இங்குள்ள எந்த வங்கியும் அதைப் பார்க்கப்போவதில்லை. அதனால் வருவோர் எண்ணிக்கையும் தலைக்கு ஆகும் செலவு பற்றிய கணக்கெடுப்பும் சேர்த்தே இந்த வரி நிரப்பப்பட வேண்டியிருக்கிறது. நம் ஊரின் மிகப் பெரிய சேவை ஏற்றுமதி, தோலைவிட மங்கலான எண்ணாக நிற்பதற்கு இதுவே காரணம்.

தாள் போன இடத்தில் கணக்கெடுப்பு

கட்டுப்பாடு தந்த தாள் இல்லாத இடங்களில் ரிசர்வ் வங்கி கேள்வி கேட்டு அறியும் முறைக்கு வந்தது. நோக்கம் பதிவாகாத சிறு வரவுகளை வகைப்படுத்த மாதிரிக் கணக்கெடுப்பு; 2002-03 முதல் மென்பொருள் ஏற்றுமதிக்கு ஒன்று; 2011 முதல் அயல்நாட்டு முதலீடு பெற்ற நிறுவனங்களின் ஆண்டு அறிக்கை; வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எங்கிருந்து, எந்த மாநிலத்துக்கு வருகிறது என்று வங்கிகளிடம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கேட்கும் கணக்கெடுப்பு. கடைசியாகச் சொன்னதில் தமிழ்நாட்டின் பங்கு 2016-17-இல் 8 சதவீதம், 2020-21-இல் 9.7 சதவீதம், 2023-24-இல் 10.4 சதவீதம். அதே கணக்கெடுப்பில் 2016-17-இல் முதலிடத்தில் இருந்த ஐக்கிய அரபு அமீரகத்தைத் தாண்டி, அடுத்த இரு முறையும் அமெரிக்கா முன்னால் நிற்கிறது. மேல்விஷாரத்தில் வளைகுடாவின் பங்கும் அதே அளவு குறைந்தது என்று இதைக் கொண்டு யாரும் சொல்லக் கூடாது. அந்தக் கணக்கெடுப்பு மாநிலத்தோடு நிற்கிறது. பணம் எந்த வங்கியில், எந்த இடத்தில் வரவு வைக்கப்பட்டது என்பதையும் அது சார்ந்திருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் வரவும் செலவும் ஒரே எண்ணில் முடிவதில்லை. மீதம் ‘பிழைகளும் விடுபாடுகளும்’ என்ற வரியில் நிகராக எழுதப்படுகிறது. அந்த வரி சிறியதாக இருப்பதை மட்டுமே கொண்டு கணக்கு சரி என்று கொள்வதற்கில்லை. ஒரு பக்கம் விட்டுப்போன நோயாளியின் செலவும் மறுபக்கம் விட்டுப்போன வேறொன்றும் ஒன்றையொன்று மறைத்துவிடலாம்.

கையேட்டின் ஏழாம் பதிப்பு 2025-இல் வெளிவந்துவிட்டது. நாடுகள் அதற்கு மாற 2029-30-ஐ நிதியம் இலக்காக வைத்திருக்கிறது. அதற்கேற்ப நோக்கக் குறியீட்டுப் பட்டியல் திருத்தப்படும்போது, ஜாப் ஒர்க் கட்டணத்துக்கும் சொந்தச் சரக்கின் விலைக்கும் உள்ள வேறுபாட்டை ஆம்பூர், ராணிப்பேட்டை கிளைகளின் அலுவலர்களுக்கும் ஆலைக் கணக்கர்களுக்கும் தமிழில், இந்தத் தொழிலின் எடுத்துக்காட்டுகளோடு விளக்கும் கையடக்கக் குறிப்பு ஒன்றை வங்கிகள் தயாரிக்க வேண்டும். மருத்துவக் கட்டணத்துக்கும் பணமாற்றுக் கடைகளுக்கும் அதே போன்ற இன்னொரு குறிப்பு வேலூரில் தேவை.